ஜாஸ் பேஸ்: முதல் அஞ்சு ஃப்ரெட்ல ர்ர்ர்னு அடிக்குது, பிக்கப் மாத்தணுமா?

குரோம்பேட்டை_ஜி

எல்லாருக்கும் வணக்கம். எங்க மெல்லிசைக் குழுவுல இத்தனை நாள் கீபோர்டுல இடது கையால பேஸ் வாசிச்சுட்டு இருந்தவன் நான். போன மாசம்தான் செகண்ட் ஹேண்ட்ல ஒரு பேஸ் கிட்டார் வாங்கினேன். ஜாஸ் பேஸ் டைப், நாலு கம்பி, 34 இன்ச் ஸ்கேல் (ஆடுற கம்பியோட நீளம்), ரெண்டு வால்யூம், ஒரு டோன். வித்தவர் லீட் கிட்டார் வாசிக்கிறவர். பேஸ் தனக்கு ஒத்து வரலைன்னு தள்ளி விட்டுட்டார்.

பிரச்சனை என்னன்னா:

ஈ கம்பியில (நாலுல தடிச்சது) ஒண்ணாவது ஃப்ரெட்ல (நெக்ல, அதாவது கழுத்துல, குறுக்கா பதிச்ச மெட்டல் பட்டை) இருந்து அஞ்சு வரைக்கும் ர்ர்ர்னு அடிக்குது. ஏழுக்கு மேல போனா சுத்தமா இருக்கு. ஏ கம்பியிலயும் இருக்கு, கொஞ்சம் கம்மி.

ரெண்டு வால்யூமும் ஃபுல்லா வெச்சா அமைதி. ஒண்ணைக் குறைச்சா உடனே 'ம்ம்ம்'னு ஹம். கம்பியைத் தொட்டா ஹம் குறையுது.

எனக்கு வேணும்கிறது 80-கள்ல வந்த ராஜா சார் பாட்டுல கேக்குற அந்த பேஸ். 'தும்'னு உருண்டையா விழுந்து உடனே அடங்கிடணும். என்னோடது பித்தளைத் தாம்பாளத்துல ஸ்பூன் விழுந்த மாதிரி நீளமா இழுக்குது.

கடையில காட்டினேன். ரெண்டு பிக்கப்பையும் (கம்பி அதிர்வை சிக்னலா மாத்துற காந்தம்) மாத்தி, உள்ள ஒரு பிரீஆம்ப் (பேட்டரியில ஓடுற சின்ன சர்க்யூட்) போட்டாத்தான் சரியாகும், 14,000 ஆகும்னு சொல்றாங்க. பண்ணலாமா? அப்புறம் ஒண்ணு, கோரஸ் பாட மைக்ல வாய் வெச்சா சில சமயம் உதட்டுல சுர்ருன்னு இழுக்குது. அது மைக் பிரச்சனைன்னு நினைக்கிறேன்.

---

ஸ்லாப்_சதீஷ்

ஆக்‌ஷனை ஏத்துங்க ப்ரோ, அதாவது கம்பி உயரத்தை. கம்பி முனை மாட்டுற பிரிட்ஜ்ல, கம்பி உக்காருற சேடில்ல ரெண்டு குட்டி ஸ்க்ரூ இருக்கும், அதைத் திருகினா முடிஞ்சுது.

---

பெரம்பூர்_பேஸ்

தம்பி, அந்தப் பதினாலாயிரத்தைப் பத்திரமா பீரோவுல வைங்க. நீங்க எழுதினதுல பிக்கப் மேல ஒரு குத்தமும் இல்லை.

சதீஷ் சொன்ன மாதிரி சேடிலை ஏத்தினா சத்தம் போகும், ஆனா பன்னெண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல கம்பி மொட்டை மாடியில நிக்கும். விரல்தான் வலிக்கும். வலி எங்கேன்னு பார்த்து மருந்து போடணும். ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் அடிச்சு, மேல சுத்தமா இருந்தா, நெக் ரொம்ப நேரா நிக்குதுன்னு அர்த்தம், இல்லைன்னா பின்பக்கமா வளைஞ்சிருக்கு. பன்னெண்டுக்கு மேல மட்டும் அடிச்சா கதை வேற. ஒரே ஒரு ஃப்ரெட்ல அடிச்சா அதுக்கு அடுத்த ஃப்ரெட் எழும்பியிருக்கு. எங்கேயும் அழுத்தாம வெறுங்கம்பி மட்டும் அடிச்சா நட்ல (நெக்கோட தலைப்பக்கம் கம்பி உக்காருற துண்டு) பள்ளம் ஆழமாயிடுச்சு. யாராவது பேஸைக் கொண்டு வந்து 'அடிக்குது'ன்னு சொன்னா நான் முதல்ல கேக்குறது 'எத்தனாவது ஃப்ரெட்ல?'ங்கிறது மட்டும்தான்.

நெக் கோடு போடுற ஸ்கேல் மாதிரி நேரா இருக்கணும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. கூடாது. கம்பி அதிரும்போது ரெண்டு முனையில அசைவு இருக்காது, நடுவுலதான் அகலமா ஆடும். ஈ கம்பி ஒரு செகண்டுக்கு 41 தடவைதான் ஆடுது, ஆனா ஒவ்வொரு ஆட்டமும் பெருசு. அதுக்கு இடம் விட்டு நெக் முன்பக்கமா துளியூண்டு குழிஞ்சிருக்கணும். ஜாஸ் பேஸ் செய்யுற ஃபெண்டர் கம்பெனிக்காரங்க கொடுக்கிற அளவு ஃப்ரெட் போர்டோட வளைவைப் பொறுத்து மாறும். 9.5 இன்ச்ல இருந்து 12 இன்ச் வளைவு வரைக்கும் 0.012 இன்ச், அதாவது 0.3 மி.மீ. முதல் ஃப்ரெட்ல கேப்போ (கம்பியை அழுத்திப் பிடிக்கிற கிளிப்) மாட்டுங்க, நெக் பாடியோட சேர்ற இடத்துல ஈ கம்பியை ஒரு விரலால அழுத்துங்க, எட்டாவது ஃப்ரெட் தலைக்கும் கம்பிக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னு பாருங்க. ஃபீலர் கேஜ் டூல்ஸ் கடையில கிடைக்கும், பைக் மெக்கானிக் வால்வு செட் பண்ண வெச்சிருக்கிறதுதான். அது இல்லைன்னா கொஞ்சம் தடிச்ச விசிட்டிங் கார்டு ஒண்ணை நுழைச்சுப் பாருங்க, கிட்டத்தட்ட அந்தக் கனம்தான். உங்க பேஸ்ல கார்டு நுழையாதுன்னு இங்கிருந்தே சொல்றேன்.

ஆனா நெக்கோட வளைவை மாத்துற ஆலன் கீயை இப்போ தொடாதீங்க. எனக்கு ஒரு சந்தேகம். வித்தவர் கிட்டார்காரர்னு சொன்னீங்க. பேஸ் கையில வந்தா அவங்க செய்யுற முதல் வேலை மெல்லிசு கம்பி போடுறது. கம்பி மெலிஞ்சா இழுவிசை குறையும், நெக்குக்குள்ள அதை எதிர்த்து நிக்கிற இரும்புக் கம்பி, ட்ரஸ் ராட், ஜெயிச்சிடும், நெக் பின்னாடி போகும். அந்தக் கம்பியோட பாக்கெட் இருக்கான்னு அவர்கிட்ட கேட்டுப் பாருங்க.

ஹம் விஷயம். ஜாஸ் பேஸ்ல இருக்கிற ரெண்டும் சிங்கிள் காயில் பிக்கப். ஒண்ணுக்கு ஒண்ணு சுத்தினதும் காந்தமும் எதிரெதிரா இருக்கும். ரெண்டும் சமமா திறந்திருந்தா ஹம் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும். ஒண்ணைக் குறைச்சா மத்தது தனியா நம்ம வீட்டு கரண்டோட 50 ஹெர்ட்ஸை வாங்கிப் பாட ஆரம்பிக்கும். இது ரிப்பேர் இல்லை, அந்த டிசைனோட குணம். 1957-ல ஃபெண்டரோட இன்னொரு மாடலான ப்ரிசிஷன் பேஸுக்கு வந்த ரெண்டு துண்டு பிக்கப்ல இந்த வேலை உள்ளுக்குள்ளயே நடந்துடும், அதனால அது எப்பவும் அமைதியா இருக்கும். கம்பியைத் தொட்டா ஹம் குறையுதுன்னா பிரிட்ஜுக்குப் போற கிரவுண்ட் ஒயர் நல்லா இருக்கு. தொட்டா கூடியிருந்தா ஜாக்ல ஒயர் மாத்தி வெச்சிருக்காங்கன்னு சொல்லியிருப்பேன். இப்போதைக்கு ரெண்டையும் ஃபுல்லா வெச்சு வாசிங்க.

இப்போ ராஜா சார் சத்தம். முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். அந்தப் பாட்டுகள்ல நாம மயங்குறதுல பாதி டோனே இல்லை, அவர் எழுதின நோட்டு. குரல் ஒரு பக்கம் போக, பேஸ் தனியா இன்னொரு பாட்டு பாடிட்டுப் போகும். அதை 14,000 ரூபாய்க்கு யாரும் மாட்டித் தர மாட்டாங்க. மீதிப் பாதி உங்க கைக்கு எட்டுறதுதான்: மேல் சத்தம் குறையணும், நோட்டு சீக்கிரம் அடங்கணும். அதுக்கு மேல் சுத்து தட்டையா வழவழன்னு இருக்கிற ஃப்ளாட்வவுண்ட் கம்பியும், பிரிட்ஜ் பக்கத்துல கம்பிக்கு அடியில ஒரு துண்டு ஃபோமும் போதும்.

அமெரிக்காவுல மோட்டவுன் கம்பெனிப் பாட்டுகளுக்கு வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சனைப் பாருங்க. 1962 ப்ரிசிஷன் பேஸ், லா பெல்லா ஃப்ளாட்வவுண்ட், 52-ல இருந்து 110 வரைக்கும் தடிமன் (ஒரு இன்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு கணக்குல), பிரிட்ஜ் மூடிக்கு அடியில ஃபோம். வலது கையில ஆள்காட்டி விரல் ஒண்ணுதான். கம்பி அறுந்தாத்தான் மாத்துவார்னு சொல்வாங்க. அந்த பேஸ்ல பேட்டரியும் கிடையாது, பிரீஆம்பும் கிடையாது. உங்களுக்கு அவ்வளவு தடி கம்பி வேண்டாம், விரல் போயிடும். 45-105 ஃப்ளாட் செட் ஒண்ணு வாங்குங்க, லாங் ஸ்கேலான்னு பார்த்து வாங்குங்க. மேல் சுத்து உருண்டையா இருக்கிற சாதாரண ரவுண்ட் கம்பியை விட விலை கூடத்தான், ஆனா வருஷக் கணக்குல ஓடும்.

---

த்ரீ_ஃபேஸ்

நான் பேஸ் வாசிக்கிறவன் இல்லை, ஒயரிங் வேலை. தம்பி கடைசி வரியில போட்டிருக்கிற 'சுர்ரு'தான் முதல் வரியில வந்திருக்கணும். மைக் பிரச்சனை இல்லை அது. உங்க ஆம்ப்போட மெட்டலும் சவுண்ட் சிஸ்டத்தோட மெட்டலும் ஒரே எர்த்ல இல்லை. கம்பி ஆம்ப் பக்கம், மைக் வலை சவுண்ட் சிஸ்டம் பக்கம், நடுவுல உங்க உதடு. இன்னைக்கு சுர்ருன்னது ஈரத் தரையில வெறுங்காலோட நின்னா வேற மாதிரி போகும்.

ஆம்ப் ப்ளக்ல மூணாவது பின் இருக்கா, யாராவது ரெண்டு பின் அடாப்டர்ல சொருகியிருக்காங்களான்னு பாருங்க. பின் இருந்தாலும் சுவத்து பிளேட்டுக்குப் பின்னால எர்த் ஒயரே இல்லாத வீடும் மண்டபமும் எத்தனையோ பார்த்திருக்கேன். ஒயர்மேனைக் கூப்பிட்டு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல டெஸ்ட் லேம்ப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்க. பல்பு நல்லா எரியணும், இல்லைன்னா எர்த் லீக்கேஜ் பிரேக்கர் விழணும். ரெண்டும் நடக்கலைன்னா எர்த் கிடையாது. வெறும் மல்டிமீட்டர் அந்தரத்துல தொங்குற ஒயர்லயும் வோல்டேஜ் காட்டும், அதை நம்பாதீங்க. மேடையில ஆம்ப், மிக்சர் எல்லாத்துக்கும் ஒரே போர்டுல இருந்து கரண்ட் எடுங்க.

யாராவது 'பேஸ்ல கிரவுண்ட் ஒயரை வெட்டி விட்டா ஷாக் போயிடும்'னு சொன்னா கேட்காதீங்க. கோளாறு சுவத்துல இருக்கு.

---

குரோம்பேட்டை_ஜி

த்ரீ ஃபேஸ் அண்ணே, நன்றி. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல ரெண்டு பின் அடாப்டர்தான் இருந்தது. தூக்கிப் போட்டாச்சு. வீட்டு பிளேட்டையும் நாளைக்கு ஆள் வந்து பார்க்கிறார்.

பெரம்பூர் அண்ணே, வித்தவர்கிட்ட கேட்டேன். 40-95 செட் போட்டிருக்காராம். கார்டும் நுழையலை! ஃப்ளாட் ஆர்டர் பண்ணிட்டேன். வந்ததும் எப்படி மாட்டணும்? ட்ரஸ் ராடை எப்போ தொடணும்? டோன் நாப்ல இருக்கிற கெப்பாசிட்டரை மாத்தினா டோன் இன்னும் இருட்டாகும்னு ஒரு வீடியோவுல பார்த்தேன், அதுவும் செய்யலாமா?

---

ஸ்லாப்_சதீஷ்

ஃப்ளாட்டா? புது பேஸுக்குப் போர்வை போர்த்துறீங்க. நிக்கல் ரவுண்ட் போட்டுட்டு டோன் நாபைக் குறைச்சா அதே சத்தம் வரும், நாளைக்கு ஸ்லாப் (கட்டைவிரலால அடிச்சு வாசிக்கிறது) வேணும்னா நாபைத் திறந்துக்கலாம். ஃப்ளாட்ல அது வராது. கம்பி செத்துப் போனா வெந்நீர்ல கொதிக்க வெச்சுக் காய வெச்சா ஒரு கச்சேரிக்குத் தேறும்.

---

வடமராட்சி_டொரண்டோ

நான் டொரண்டோவில இருக்கிறன். இஞ்ச சிக்கல் வேற மாதிரி. விண்டருக்கு வீட்டுக்குள்ள ஹீட்டர் ஓட, காத்து காய்ஞ்சு ஃப்ரெட் போர்டு சுருங்கிப் போகும். பிறகு ஃப்ரெட் முனையள் வெளியால நீட்டிக்கொண்டு நிண்டு கையைக் கீறும். ஹியுமிடிஃபையர் வச்சு 45 வீதத்தில வச்சிருந்தா ஓரளவு சரி. வசந்தம் வர நெக்கும் அசையும், வருசத்தில ரெண்டு தரம் ட்ரஸ் ராட் பாக்கத்தான் வேணும்.

பெரம்பூர் அண்ணை, ஒரு கேள்வி. என்னட்டை சும்மா கிடக்கிற பேஸ் ஒண்டில ஃப்ரெட் எல்லாத்தையும் புடுங்கி ஃப்ரெட்லெஸ் ஆக்கலாமோ? பேஸ் வாசிச்ச ஜேகோ பாஸ்டோரியஸ் அப்பிடித்தானே செய்தவர்.

---

பெரம்பூர்_பேஸ்

சதீஷ், நீங்க ஸ்லாப் வாசிக்கிறவர், உங்களுக்கு ரவுண்ட்தான். அதுல தகராறு இல்லை. ஆனா தம்பி கேட்டது உடனே அடங்குற சத்தம். நாபைக் குறைச்சா மேல் சத்தம் போகும், நீளம் போகாது. அப்புறம் நம்ம ஊர் வேர்வையும் கடல் காத்தும் ரவுண்ட் கம்பியோட இடுக்குல போய் உக்காந்துக்கும். வாசிச்சு முடிச்சதும் துணியால துடைக்கிற ஆளா இருந்தா சரி, அப்படிப்பட்ட பேஸ்காரர் எத்தனை பேர்னு நீங்களே சொல்லுங்க.

தம்பி, மாட்டுற விதம். நாலையும் ஒரே நேரத்துல கழட்டாதீங்க, ஒண்ணு கழட்டி ஒண்ணு போடுங்க, நெக் திடீர்னு காலியாகாது. கம்பியைப் பிரிட்ஜ்ல கோத்து இழுத்து, அது சுத்தப்போற ட்யூனிங் கீக்கு மேல ஏறக்குறைய ரெண்டு கீ தூரம் நீளம் விடுங்க. அங்கே தொண்ணூறு டிகிரிக்கு நல்லா மடக்குங்க. மடக்கினதுக்கு அப்புறம்தான், மடிப்புக்கு அந்தப் பக்கம் வெட்டணும். மடக்காம வெட்டினா மேல் சுத்து உள் கம்பியை விட்டு நழுவும், அந்தக் கம்பி அப்புறம் பிணம் மாதிரிதான் ஒலிக்கும். வெட்டின முனையைக் கீயோட நடு ஓட்டையில நேரா இறக்கி, மேல இருந்து கீழே சுத்து வர்ற மாதிரி முறுக்குங்க. ரெண்டு மூணு சுத்து போதும். ஃப்ளாட் கம்பி முனையில பட்டு நூல் சுத்தியிருக்கும், அது நட் மேல வந்து படுக்கக் கூடாது. வந்தா நீங்க வாங்கின ஸ்கேல் தப்பு, வெட்டுறதுக்கு முன்னாடியே பார்த்துக்கோங்க.

சுருதி சேர்த்ததும் பேஸை மடியில வெச்சுக்கிட்டு சேடிலுக்கு முன்னால கம்பியைக் கட்டைவிரலால கீழே ஒரு அழுத்து, நட்டுக்கு முன்னால இன்னொரு அழுத்து. தடி கம்பி சேடில் மேல வில்லா வளைஞ்சு நிக்கும். அழுத்தினா அந்த இடத்துல ஒரு சின்ன முழங்கால் விழும், அங்கிருந்து கம்பி நேரா போகும். சுருதி கொஞ்சம் இறங்கும், திரும்ப ஏத்துங்க. இதைச் செய்யாமலே 'இன்டோனேஷன் (எல்லா ஃப்ரெட்லயும் சுருதி) நிக்கலை'ன்னு புலம்புறவங்க நிறைய.

அப்புறம் ஒரு ராத்திரி சுவத்துல மாட்டி விட்டுடுங்க. 40-95-ஐ விட இந்தக் கம்பி நல்லாவே பலமா இழுக்கும், நெக் தானா முன்னால வரும். காலையில கார்டை நுழைச்சுப் பாருங்க. உங்களுக்கு அதுவே சரியாயிருக்க வாய்ப்பு நிறைய. இன்னும் நேரா நின்னா ட்ரஸ் ராட் நட்டை எதிர் கடிகாரச் சுத்துல கால் சுத்து தளர்த்துங்க. ரொம்பக் குழிஞ்சிருந்தா கடிகாரச் சுத்துல கால் சுத்து இறுக்குங்க. திரும்ப சுருதி சேர்த்து, அளந்து, அப்புறம்தான் அடுத்த கால் சுத்து. ஆலன் கீ சரியான அளவா இருக்கணும். 3/16 இன்ச்ங்கிறது 4.76 மி.மீ., அங்கே 4.5 கீயைச் சொருகித் திருகினா நட்டோட மூலை மழுங்கிடும். மழுங்கினா அந்த நெக்குக்கு வைத்தியம் பெரிய செலவு. இறுக்கும்போது பலம் போட வேண்டியிருந்தா நிறுத்திடுங்க.

நெக் சரியானதும் உயரம். பதினேழாவது ஃப்ரெட் தலைக்கும் கம்பி அடிப்பக்கத்துக்கும் நடுவுல ஈ பக்கம் 2.4 மி.மீ., ஜி பக்கம் 2 மி.மீ. அங்கிருந்து உங்க கைக்குத் தகுந்த மாதிரி ஏத்தி இறக்குங்க. சேடில் தரையைத் தொட்டும் கம்பி உயரமா நின்னா, நெக்கைக் கழட்டி அந்தக் குழியில பிரிட்ஜ் பக்கத்து ஓரமா ஒரு மெல்லிசுத் துண்டு வெக்கணும். உங்களுக்கு அது தேவைப்படாதுன்னு நினைக்கிறேன். உயரத்துக்கு அப்புறம்தான் இன்டோனேஷன்: பன்னெண்டாவது ஃப்ரெட்ல ஹார்மோனிக்கும் (கம்பியை அழுத்தாம லேசா தொட்டு மீட்டுறது) அழுத்தின நோட்டும் ட்யூனர்ல ஒண்ணா இருக்கணும். அழுத்தினது ஏறியிருந்தா சேடிலைப் பின்னால இழுங்க, இறங்கியிருந்தா நெக் பக்கம் தள்ளுங்க. இந்த வரிசை மாறினா திரும்பத் திரும்பச் செய்யணும்.

ஃபோம்: பிரிட்ஜுக்கு ஒட்டி, நாலு கம்பிக்கும் அடியில, லேசா தொடுற உயரம். கம்பியை மேல தூக்கித் தள்ளக் கூடாது. எலக்ட்ரானிக்ஸ் பார்சல்ல வர்ற சாம்பல் ஃபோமை வெட்டிப் போடுங்க. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் ரொம்ப இறுக்கம், அடுத்த நோட்டு வர்றதுக்குள்ள செத்துடும்.

கெப்பாசிட்டர்: உங்க பேஸ்ல பெரும்பாலும் 473-ன்னு எழுதினது இருக்கும், அதாவது 0.047 மைக்ரோஃபாரட். 104 போட்டா, 0.1, நாபை மூடும்போது இன்னும் கீழ வரைக்கும் வெட்டும். நாபை முழுசா திறந்து வாசிக்கிற வரைக்கும் எது போட்டாலும் காதுக்கு வித்தியாசம் தெரியாது. சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகள்ல சில்லறைக் காசு, சால்டரிங் பழக ஆசை இருந்தா செஞ்சு பாருங்க. பாட் (நாபுக்கு அடியில திரும்புற பார்ட்) மாத்துறதா இருந்தா A250K-ன்னு கேட்டு வாங்குங்க. எழுத்தைப் பார்க்காம B எடுத்துக் கொடுத்துடுவாங்க, அது லீனியர், வால்யூம் திருகினா ஒரு முனையில மட்டும்தான் வேலை செய்யுற மாதிரி இருக்கும்.

டொரண்டோ தம்பி, ஜேகோ பாஸ்டோரியஸ் வெச்சிருந்ததும் 1962 ஜாஸ் பேஸ்தான். ஃப்ரெட் இருந்த பள்ளத்தை அடைச்சு, மேல படகுக்குப் பூசுற எபாக்ஸி பூசினார். ஏன்னா அவர் போட்டது ரவுண்ட் கம்பி, அது வெறும் மரத்தை அரம் மாதிரி தின்னுடும். நீங்க ஃப்ளாட் போட்டா எபாக்ஸி அவசியம் இல்லை. ஃப்ரெட்டைப் புடுங்கும்போது சால்டரிங் அயர்னால சூடாக்கிட்டு, ஓரத்துல இருந்து மெதுவா நெம்புங்க, இல்லைன்னா மரம் சில்லு சில்லா பேந்துடும். என்னைக் கேட்டா நல்ல நெக்கைத் தொடாதீங்க. மலிவா ஒரு தனி நெக் வாங்கி அதுல செய்யுங்க. மனசு மாறினா பழைய நெக்கை நாலு ஸ்க்ரூவுல திரும்ப மாட்டிக்கலாம்.

---

குரோம்பேட்டை_ஜி

அண்ணே, கம்பி மாட்டியாச்சு. ராத்திரி விட்டு காலையில பார்த்தா கார்டு சரியா நுழையுது. ஆலன் கீயைத் தொடவே இல்லை! ர்ர்ர் மொத்தமா போயிடுச்சு. ஃபோம் வெச்சு வாசிச்சேன், எங்க தபேலாக்காரர் நிமிர்ந்து பார்த்தார். இப்போ ஒரே ஒரு சிக்கல். ஈ கம்பி பன்னெண்டாவது ஃப்ரெட்ல இன்னும் ஏறித்தான் காட்டுது. சேடிலைப் பின்னால இழுக்கிறேன், ஒரு அளவுக்கு மேல வர மாட்டேங்குது. முட்டி நிக்குது.

---

பெரம்பூர்_பேஸ்

சேடிலுக்குப் பின்னால இருக்கிற ஸ்பிரிங் முழுசா நெருங்கிடுச்சு, அதான் இடம் இல்லை. தடி கம்பிக்கு சேடில் இன்னும் பின்னால போகணும், ஈ-யில எப்பவும் இது வரும். கம்பியைத் தளர்த்தி, அந்த நீள ஸ்க்ரூவைக் கழட்டி, ஸ்பிரிங்கைப் பாதியா வெட்டிப் போடுங்க. வெட்டும்போது துணி போட்டு மூடிக்கோங்க, துண்டு கண்ணுக்குத் தெறிக்கும். ஸ்க்ரூவைத் திரும்பப் போட்டதும் சேடில்ல அந்த முழங்கால் அழுத்து இன்னொரு தடவை வேணும், கம்பி இடம் மாறியிருக்கும்.